ஏட்டுத் தேய்மானமும் இரும்பின் தேய்மானமும்

ஆண்டு இறுதியில் நமது சங்கத்தின் கணக்குகள் முடிக்கப்படுங்கால், தளவாடங்களின் மதிப்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட விகிதம் "தேய்மானம்" என்ற பெயரால் கழிக்கப்படுகிறது. தணிக்கையாளர் அதனைச் சரிபார்க்கிறார். நிர்வாகக் குழு ஒப்புதல் அளிக்கிறது. பொதுக்குழுவில் எவரும் வினா எழுப்புவதில்லை. இரவு பகலாக ஓடிய தறிக்கும், பாதி நாள் பாவு இன்றி நின்ற தறிக்கும் ஏட்டில் ஒரே விகிதந்தான். செம்மண் சரளையில் உழுத கலப்பைக்கும், நன்செய்ச் சேற்றில் உழுத கலப்பைக்கும் ஏடு வேற்றுமை காண்பதில்லை. கணக்கு முறைக்கு இது போதுமானதாக இருக்கலாம். அதனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் இரும்பு அந்த ஏட்டைப் படிப்பதில்லை. அது தனக்குரிய விதிப்படியே தேய்கிறது. அந்த விதி யாது, அதனைக் கணிப்பொறியின் துணையால் முன்கூட்டி அறிய முடியுமா, முடியுமாயின் அந்த அறிவில் நமக்குள்ள பங்கு என்ன என்பவற்றை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றனர் நம் முன்னோர். சிறிது சிறிதாக நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படாத இச்சேதம் ஒன்று சேரும்போது எத்துணைப் பெரிதாகிறது என்பதை நாடுகள் அண்மைக் காலத்தில்தான் எண்ணிப் பார்த்தன. 1966-இல் பீட்டர் ஜோஸ்ட் என்பவரின் தலைமையில் அமைந்த குழு பிரிட்டிஷ் அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கை, உராய்வையும் தேய்வையும் பற்றிய அறிவைத் தொழில்களில் முறையாகக் கையாண்டால் அந்நாடு ஆண்டுக்கு 51 கோடியே 50 லட்சம் பவுன் மிச்சப்படுத்தலாம் என்று மதிப்பிட்டது. "டிரிபாலஜி" என்னும் உராய்வியல் தனித்ததொரு துறையாகப் பெயர் பெற்றது அவ்வறிக்கையிலேதான். 2017-இல் ஹோம்பெர்க், எர்டெமிர் என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் செலவாகும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 23 விழுக்காடு பொருள்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் கழிகிறது. அதில் 20 பங்கு உராய்வை வெல்லவும், 3 பங்கு தேய்ந்த உறுப்புகளை மீண்டும் செய்து பொருத்தவும் செலவாகின்றது. உலகக் கணக்கு இவ்வாறிருக்க, நமது தறிக்கூடத்தின் கணக்கும் பம்பு செட்டின் கணக்கும் இதற்கு விலக்காக இருத்தல் இயலாது.

உராய்வைப் பற்றிய ஆராய்ச்சி புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லியனார்டோ டா வின்சி இதுபற்றித் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். 1699-இல் பிரெஞ்சு நாட்டு அமோன்தோன், உராய்வு விசை பளுவின் அளவுக்கேற்ப மிகும் என்றும், தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்ததன்று என்றும் அறிவித்தார். அகலமான கட்டையும் குறுகிய கட்டையும் எடை ஒன்றாயின் ஒரே உராய்வைத் தரும் என்பது அக்காலத்தவர்க்கு வியப்பளித்தது. அந்த வியப்பிற்குரிய விடை, இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பௌடன், டேபர் ஆகியோரின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. அவர்தம் நூல் 1950-இல் வெளிவந்தது. எவ்வளவு வழவழப்பாகத் தோன்றும் உலோகமும் நுண்ணோக்கில் மேடு பள்ளங்கள் நிறைந்ததே. இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோ தாங்கும் கடினமுள்ள உலோகத்தின்மேல் 10 கிலோ எடையை வைத்தால், மெய்யாகத் தொடும் இடம் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். உள்ளங்கை அகலம் தொடுவதாகக் கண் சொல்லும். உண்மையில் தொடுவது கடுகளவுகூட இல்லை. பளு முழுவதையும் அந்தச் சில உச்சிகளே சுமக்கின்றன. அவை ஒட்டுகின்றன, அறுபடுகின்றன, சிறு துகள்களாக உதிர்கின்றன. தேய்வு பிறக்கும் இடம் அதுவே.

1953-இல் ஜான் ஆர்ச்சர்ட் என்னும் ஆங்கில விஞ்ஞானி இதற்கு ஓர் எளிய கணக்கை வகுத்தார். தேய்ந்து போகும் கன அளவை அறிய, பளுவை உரசிச் சென்ற தூரத்தால் பெருக்கி, உலோகத்தின் கடினத்தால் வகுத்து, அதனை மேலும் ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அவ்வெண்ணைத் தேய்வெண் என்று நாம் வழங்குவோம். கூட்டல் பெருக்கல் அறிந்த எவரும் செய்யக்கூடிய கணக்கு இது.

எடுத்துக்காட்டாக, வெண்கலப் புஷ் ஒன்றினுள் சுழலும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டைக் கருதுவோம். நிமிடத்திற்கு 200 சுற்று, நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், அது புஷ்ஷின்மேல் உரசிச் செல்லும் தூரம் சுமார் 1,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சென்று திரும்பும் தூரத்தினும் இது மிகுதி. பளு 10 கிலோ என்றும், கடினம் முன் சொன்ன 100 என்றும், தேய்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றும் கொண்டால், ஆண்டொன்றில் தேய்வது சுமார் 180 கன மில்லிமீட்டர். புஷ்ஷின் நீளம் 30 மில்லிமீட்டராயின், ஆழம் 0.3 மில்லிமீட்டர் ஆகும். இதனை ஒருவாறு பொறுத்துக் கொள்ளலாம். எண்ணெய் வற்றியோ, பஞ்சுத் தூசு புகுந்தோ அந்தத் தேய்வெண் லட்சத்தில் ஒரு பங்காக உயருமாயின், அதே ஆண்டில் ஆழம் 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். புஷ் மட்டுமன்றித் தண்டும் அதனோடு இணைந்த பல்சக்கரமும் கெடும். பளு மாறவில்லை, வேகமும் மாறவில்லை, மாறியது தேய்வெண் ஒன்றே.

இந்தத் தேய்வெண்ணை எந்தச் சூத்திரத்திலிருந்தும் வருவிக்க இயலாது. அளந்தே அறிய வேண்டும். 1956-இல் ஆர்ச்சர்டும் ஹர்ஸ்ட்டும் எண்ணெயின்றி உரசிய பல பொருள்களை அளந்து அட்டவணை வெளியிட்டனர். மெல்லெஃகு மெல்லெஃகின்மேல் உரசும்போது தேய்வெண் ஆயிரத்தில் 7 பங்காகவும், பாலிதீன் கருவி எஃகின்மேல் உரசும்போது கோடியில் 1.3 பங்காகவும் இருந்தன. இவ்விரண்டிற்கும் இடையே ஐம்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேற்றுமை உள்ளது. ஒரு கணக்கின் விடையை இத்தனை மடங்கு புரட்டக்கூடிய எண்ணை ஊகத்தால் இட்டு நிரப்புவது எத்துணை ஆபத்து என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இனிக் கணிப்பொறி செய்வது யாதெனப் பார்ப்போம். மேலே நாம் போட்டது ஒரு சராசரிக் கணக்கு. உண்மையில் புஷ்ஷின் எல்லா இடத்திலும் அழுத்தம் ஒரே அளவாக இராது. அழுத்தம் மிகுந்த இடம் முதலில் தேயும். தேய்ந்தபின் வடிவம் மாறும். வடிவம் மாறியதால் அழுத்தம் வேறிடத்திற்குச் செல்லும். இதனைக் கையால் தொடர்ந்து கணக்கிடுவது மனிதர்க்கு இயலாத காரியம். கணிப்பொறியோ அந்த உறுப்பை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று காண்கிறது. சில சுற்றுகளுக்கு ஆர்ச்சர்டின் கணக்கைப் போடுகிறது. அவ்வளவு உலோகத்தைத் தன் படத்திலிருந்து நீக்குகிறது. தேய்ந்த வடிவத்தைக் கொண்டு மீண்டும் தொடங்குகிறது. இம்முறையை 1999-இல் பொட்ரா, ஆண்டர்சன் ஆகியோர் தெளிவுற விளக்கினர். அதற்கு முன்னரே, 1996-இல், இடுப்பெலும்பு மூட்டிற்குப் பதிலாகப் பொருத்தப்படும் பாலிதீன் கிண்ணம் எங்கே எவ்வளவு தேயும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் இவ்வழியில் கணித்துக் காட்டினர். மனித உடலுக்குள் வைத்த பின் திறந்து பார்க்க இயலாத உறுப்பிற்கு இத்தகைய முன்கணிப்பு எவ்வளவு பெரிய உதவி என்பது வெளிப்படை.

உழவருக்கும் இதில் பங்குண்டு. 1979-இல் கண்டால், ஸ்ட்ராக் என்னும் இருவர், மண்ணைத் தனித்தனி மணிகளின் கூட்டமாகக் கொண்டு ஒவ்வொரு மணியின் அசைவையும் கணக்கிடும் முறையொன்றை வெளியிட்டனர். அந்த மணிகளின் ஊடே கலப்பையின் கொழுவை ஓட்டிப் பார்த்து, எந்த முனையில் எவ்வளவு விசை விழுகிறது, எவ்விடம் முதலில் மழுங்கும் என்று இன்று கணிப்பொறியில் காண்கின்றனர். மணலில் உள்ள படிகக்கல் சாதாரண எஃகினும் கடினமானது. ஆதலின் சரளை நிலத்தில் கொழு விரைவில் மழுங்குவது கொல்லனின் குற்றமும் அன்று, எருதின் குற்றமும் அன்று, டிராக்டர் ஓட்டியின் குற்றமும் அன்று.

இன்னும் நுணுகி, அணுக்களையே ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிடுவோரும் உளர். இங்கே கணிப்பொறியின் எல்லை புலப்படுகிறது. அணுவின் அசைவைத் தொடர, ஒரு விநாடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடியும் கோடியால் வகுத்து, அதிலும் பத்தில் ஒரு பங்கு அளவான காலத்துளியை ஒரு படியாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு தறி நாள் முழுதும் ஓடுவதை அணு அணுவாகக் கணித்தல் எந்தக் கணிப்பொறிக்கும் ஆகாது. எனினும் பொருத்தமாக எளிமைப்படுத்திய மாதிரிகளால் பயன் விளைந்திருக்கிறது. உரசும் இரு மேடுகள் ஒட்டிய இடம் ஒரு குறிப்பிட்ட அளவினும் சிறிதாயின் அவை நசுங்கி மழமழப்பாகும் என்றும், அவ்வளவினும் பெரிதாயின் துகளாகப் பெயர்ந்து விழும் என்றும் 2016-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர் கணிப்பொறி வழியாகக் காட்டினர். தேய்வெண் ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதற்குரிய காரணத்தின் ஒரு நுனி இதனால் கைக்கு வந்திருக்கிறது.

2017-இல் வெளியான மற்றொரு முயற்சியும் குறிப்பிடத் தக்கது. சொரசொரப்பான பரப்பொன்றின் விவரங்களை ஜெர்மனியைச் சேர்ந்த ம்யூசரும் டாப்பும் பொதுவில் வைத்து, அது மற்றொரு பரப்போடு எங்கெங்கே தொடும் என்று கணிக்குமாறு உலகெங்குமுள்ள ஆராய்ச்சியாளரை அழைத்தனர். பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் தத்தம் முறையில் விடை கண்டன. எல்லா விடைகளும் ஒன்றன் அருகே ஒன்றாக வைத்து ஒப்பிடப்பட்டன. எம்முறை நெருங்கியது, எம்முறை விலகியது என்பது ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட்டது. கூட்டுறவில் நம்பிக்கை கொண்ட நமக்கு இம்முறை மிகவும் உவப்பானது. எடைக்கல்லை எல்லோர் முன்னிலையிலும் சரிபார்ப்பதைப் போன்ற நேர்மை இது. ஆயினும் அது தொடுதலைப் பற்றிய போட்டியே. தேய்தலைப் பற்றியதன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தொடுதலைக் கணிப்பதில் உறுதி கண்ட அளவு, தேய்தலைக் கணிப்பதில் உலகம் இன்னும் காணவில்லை.

இத்துணையும் கூறியது, நம்மிடையே நிலவும் இரு தவறான எண்ணங்களை எடுத்துக் காட்டுவதற்கே. ஒன்று, "இவையெல்லாம் பெரிய ஆலைகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் உரியவை, குழித்தறிக்காரனுக்கும் ஐந்து ஏக்கர் உழவனுக்கும் இதில் என்ன?" என்பது. மற்றொன்று, "கணிப்பொறியே சொல்லிவிட்டது, இனி மறுப்பேது?" என்பது. முன்னதால் அறிவு நம் வாசலிலேயே நின்று திரும்பிப் போகிறது. பின்னதால் நம் பணம் போகிறது. இந்தப் பேரிங் இத்தனை ஆண்டு உழைக்கும், இந்தக் கத்தி இத்தனை ஏக்கர் தாங்கும், இது கணிப்பொறியில் சோதித்த முடிவு என்று விற்பனையாளர் கூறும்போது, அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கூறவில்லை. அவர் கணக்கில் இட்ட தேய்வெண் யாருடைய தேய்வெண் என்பதே நமது வினா. வேறொரு தேசத்து ஆய்வுக்கூடத்தில், சுத்தமான எண்ணெயில், தூசற்ற அறையில் அளந்த எண்ணைக் கொண்டு, கஞ்சித் தூள் பறக்கும் நம் தறிக்கூடத்திற்கு ஆயுள் கூறினால், கணக்கு சரியாயிருந்தும் விடை பிழையாகும்.

நெசவாளர் இதனை நன்கறிவர். மெல்லிய நூல் இரும்பை அறுக்கும் என்று பிறர்க்குச் சொன்னால் நகைப்பர். நூல் ஓடும் வழிகாட்டிக் கம்பியில் நாளடைவில் விழும் பள்ளத்தை நாம் விரலால் தடவி அறிகிறோம். நூலோடு வரும் தூசியும், பளபளப்பைக் குறைப்பதற்காகச் செயற்கை நூலில் சேர்க்கப்படும் டைட்டானியத் தூளும் அரம்போல் வேலை செய்கின்றன. ஓடும் நூல் ஒரு கம்பியை அரைச் சுற்று வளைத்துச் சென்றால், உராய்வெண் 0.3 ஆயின், வெளிவரும் பக்கத்தின் இழுவிசை உட்செல்லும் பக்கத்தைப்போல் 2.6 மடங்காகும், உராய்வெண் 0.2 ஆகக் குறைந்தால் 1.9 மடங்கு மட்டுமே. மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிறுவன் ஒருவன் பிடித்துக் கொண்டாலும் காளை இழுக்க இயலாமல் நிற்பதும் இக்கணக்கினாலேயே. ஆகவே, கஞ்சியின் பதம், மெழுகின் அளவு, கம்பியின் வழவழப்பு ஆகிய ஒவ்வொன்றும் நூல் அறுவதையும் கம்பி தேய்வதையும் ஒருங்கே முடிவு செய்கின்றன. நமது கஞ்சியின் பதத்தை அயல்நாட்டுக் கணிப்பொறி எங்ஙனம் அறியும்?

அறியச் செய்வது நமது கையில் உள்ளது. இங்குதான் நாம் ஒரு பெருந்தவறு செய்து வருகிறோம். தேய்ந்த புஷ்ஷையும், மழுங்கிய கொழுவையும், பள்ளம் விழுந்த கம்பியையும் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டு விற்றுவிடுகிறோம். சில ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அந்த உறுப்பு எத்தனை நாள் உழைத்தது, எந்த எண்ணெயைக் குடித்தது, எந்த மண்ணில் புரண்டது என்ற செய்தி அதனோடு போய்விடுகிறது. இரும்பின் விலையைப் பெற்றுக்கொண்டு, அதனினும் விலையுயர்ந்த அறிவை இனாமாகக் கொடுத்துவிடுகிறோம்.

முன் கூறிய எடுத்துக்காட்டிற்கே மீண்டும் வருவோம். 180 கன மில்லிமீட்டர் வெண்கலத்தின் எடை 1.6 கிராம். பட்டையும் ஜரிகையையும் நிறுக்கும் தராசு வைத்திருக்கும் சங்கத்திற்கு இந்த எடையைக் காண்பது அரிதன்று. புதிய புஷ்ஷைப் பொருத்துமுன் ஒருமுறை நிறுத்து, கழற்றிய பின் எண்ணெயும் அழுக்கும் போகத் துடைத்து மறுமுறை நிறுத்தால், குறைந்த எடை தெரியும். எடை தெரிந்தால் கன அளவு தெரியும். ஓடிய நாளும் சுற்றும் தெரிந்தால் தூரம் தெரியும். பளுவையும் கடினத்தையும் அருகிலுள்ள பாலிடெக்னிக் ஆசிரியர் சொல்லிவிடுவார். ஆர்ச்சர்டின் கணக்கைத் தலைகீழாகப் போட்டால், நமது தறியின், நமது எண்ணெயின், நமது தூசியின் தேய்வெண் கைக்கு வந்துவிடும். எந்தப் பெரிய கணிப்பொறியும் தானாக உண்டாக்கிக் கொள்ள முடியாத எண் நமது தராசுத் தட்டிலேயே கிடக்கிறது.

ஒரு தறியின் எண் மற்றொரு தறிக்குப் பொருந்தாதே என்று வினவலாம். உண்மைதான். ஒரு புஷ்ஷின் எடைக் குறைவை மட்டும் வைத்து முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆனால் இந்தக் குறையைத் தனி மனிதர் நீக்க முடியாது. சங்கம் நீக்க முடியும். நூறு அங்கத்தினர் ஒரே முறையில் இரண்டாண்டு குறித்து வைத்தால், எது பொதுவாக நிகழ்வது, எது ஒருவரது கவனக்குறைவால் நேர்ந்தது என்பது தானே பிரிந்து தெரியும். தனித்து நின்றால் அனுபவமாக மட்டும் இருப்பது, கூடி எழுதினால் அறிவாக மாறுகிறது. கூட்டுறவின் பயன் நூலையும் உரத்தையும் மலிவாக வாங்குவதோடு முடிந்துவிடவில்லை.

ஆதலின் நாம் நிர்வாகக் குழுவுக்கு விடுக்கும் ஆலோசனைகள் எளியவை. முதலாவதாக, தேய்மானப் பதிவேடு ஒன்று சங்கத்தில் தொடங்கப்பட வேண்டும். உறுப்பின் பெயர், பொருத்திய நாள், கழற்றிய நாள், முன் எடை, பின் எடை, இட்ட எண்ணெய் அல்லது உழுத மண் ஆகிய ஆறு பத்திகள் போதும். இரண்டாவதாக, தேய்ந்த உறுப்புகளை விற்குமுன் ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைச் சீட்டுக் கட்டிப் பாதுகாக்க வேண்டும். மூன்றாவதாக, ஓராண்டுப் பதிவு சேர்ந்தபின், கோயம்புத்தூரில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களையும், வேளாண்மை, பொறியியல் கல்லூரிகளையும் அணுகி, நமது எண்களைக் கொண்டு கணிப்பொறியில் கணித்துத் தருமாறு கேட்க வேண்டும். இத்தகைய கணிப்புக்குரிய நிரல்களில் இலவசமாகவே எவரும் எடுத்தாளத் தக்கவை உள்ளன. ஆகவே நிரலுக்கு விலை கொடுக்க வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நான்காவதாக, உதிரிப்பாகக் கொள்முதலில் குறைந்த விலையை மட்டும் பாராது, எந்தப் பொருளின்மேல், எந்த எண்ணெயில், எத்தனை நாள் ஓட்டி அளந்த தேய்வெண் இது என்று விற்போரை எழுத்து மூலம் கேட்க வேண்டும். விடை தருவோர் தருவர்; தராதவர் யார் என்பதும் நமக்குப் பயனுள்ள செய்தியே.

பதிவேடு எழுத நேரம் ஏது என்று சிலர் சலித்துக் கொள்வர். நடுப் பாவில் தறி நின்று, புஷ் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பயிர் வாடும் நாளில் பம்பு நின்று, பேரிங் தேடி நகருக்குப் போய்வரும் நேரத்தை உழவர் எண்ணிப் பார்க்கட்டும். உறுப்பு ஒன்றுக்கு இருமுறை நிறுப்பதும் ஒரு வரி எழுதுவதும் அதற்கு முன் பெரிய உழைப்பாகத் தோன்றா.

கணிப்பொறியை வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். அது நல்ல கணக்குப்பிள்ளை. கொடுத்த எண்ணைக் கொண்டு சோர்வின்றிக் கணக்கிடும்; கொடுத்த எண் நம் ஊருடையதா என்று கேளாது. அதனைக் கேட்க வேண்டியவர் நாம். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு ஏட்டோடு தேய்மானப் பதிவேட்டின் முதற் பக்கமும் வாசிக்கப்படுமாயின், இரும்பு தன் கணக்கை நம்மிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டது என்று நாம் மகிழலாம்.